கழித்துப் போட்ட குஞ்சுகள்

வேல்சாமி வீட்டு வாசலில் அட்டைப்பெட்டி இறங்கியதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ராக்கு பார்த்தாள். பொரிப்பகத்தில் மிஞ்சிய குஞ்சுகளையெல்லாம் ஒன்றாக அள்ளிப்போட்டு வேன்காரன் கொண்டுவந்திருந்தான். உள்ளே பெருவிடைச் சாதி நாட்டுக்கோழிக் குஞ்சும் கிடக்கிறது, கண்டுபிடிப்பது உங்கள் சாமர்த்தியம் என்று சொல்லிவிட்டு அபிராமம் ரோட்டில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அந்தச் சாமர்த்தியம் தெருவில் ராக்கு ஒருத்திக்குத்தான் உண்டு. அவளைக் கூப்பிட வேல்சாமிக்கு வாய் வராது என்று நினைத்திருந்தாள். வந்தது.

"ஆத்தா ராக்கு, செத்த இங்கன வந்துட்டுப் போயேன்."

போன மாசியில் இதே வாய் வேறு மாதிரிப் பேசியது. ராக்குவிடம் அப்போது ஒரு செவலைச் சேவல் இருந்தது. சந்தைக்குக் கொண்டுபோனால் ஆட்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். வேல்சாமி கேட்டார், அவள் கொடுக்கவில்லை. அடுத்த வாரமே, களத்தில் காயும் குண்டுமிளகாயைக் கோழிகள் கிளறிவிட்டன என்று சொல்லி, பழைய சோற்றில் மருந்தைப் பிசைந்து வேலியோரம் வைத்தார். பொழுது சாய்வதற்குள் சேவலும் பெட்டைகளும் கால் விறைத்துக் கிடந்தன. அவள் அய்யா காலத்திலிருந்து வந்த பெருவிடை வம்சம். அடைக்கு வைக்க ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை. நியாயம் கேட்கப் போனவளிடம், "வளக்கத் தெரியாதவளுக்கு எதுக்குத்தா கோழி?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அவளுக்குள் செரிக்காமலே கிடந்தது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

வேல்சாமியின் மனைவி வீரலட்சுமி பெட்டியைப் பிரித்து வைத்திருந்தாள். ராக்கு குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். ஒன்றின் அலகைப் பிளந்து கறுத்த நாக்கைக் காட்டி, இது கருங்கோழி என்றாள். உச்சியில் ரம்பப் பல் போல மெல்லிய கோடு ஓடிய மஞ்சள் குஞ்சை, முட்டைக்கோழிக் கலப்பு என்று தள்ளினாள். இதுவரை பொய்யில்லை. அவர் நம்ப வேண்டுமே.

பிறகு அது கைக்கு வந்தது. தடித்த கால், நீண்ட கழுத்து, கம்பு மணி ஒட்டியது போலத் தட்டைக் கொண்டை. உள்ளங்கையில் நிமிர்ந்து நின்று அவளையே பார்த்தது. செவலையும் குஞ்சில் இப்படித்தான் நிற்கும். காட்டிக்கொள்ளாமல் அதன் காலை இழுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"கறிக்கோழிக் கலப்பு சித்தப்பா. காலுதான் வீங்கும். மாசம் திரும்புறதுக்குள்ள மொடங்கிப் படுத்துக்கிரும். மத்ததுக்கும் நோயி ஒட்டிக்கிரும்."

"அப்பக் கழிச்சுப் போடு."

அந்த வகையில் கண்ணில் பட்டதையெல்லாம் கழித்துப் போட்டாள். மூலையில் தலை நிறைய வரியும் ஆரஞ்சுக் காலுமாகச் சில குஞ்சுகள் துருதுருவென்று ஓடின. கின்னிக்கோழி. வளர்ந்தால் நிழல் அசைந்தாலும் ஊரைக் கூட்டும். கூட்டில் அடையாது, மரத்தில் ஏறிக்கொள்ளும். எந்த வேலியும் அதற்கு வேலியில்லை.

"நீங்க தேடுனது இந்தாருக்கு. தலையில வரியப் பாத்தீகளா? சுத்தமான பெருவிடை."

வீரலட்சுமி சட்டென்று நிமிர்ந்தாள். அவள் பிறந்த திருப்புல்லாணிப் பக்கம் பாம்புக்குக் காவலாகத் தோப்புகளில் கின்னிக்கோழி விட்டிருப்பார்கள். ராக்குவுக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அன்றைக்கு மருந்து பிசைந்தது வீரலட்சுமி வடித்த சோற்றில். அது அவளையும் உறுத்தியிருக்க வேண்டும், காட்டிக்கொடுக்கவில்லை. உள்ளே போய் ஒரு பனையோலைப் பெட்டியை எடுத்து வந்து, கழித்த குஞ்சுகளை அதில் அள்ளிப்போட்டு ராக்குவின் பக்கம் நகர்த்தினாள்.

கொண்டுபோய்ப் புதைத்துவிடச் சொன்னார் வேல்சாமி. ராக்கு தலையை ஆட்டினாள்.

வரிக்குஞ்சுகளுக்கு அவர் அவித்த முட்டையை உதிர்த்துப் போட்டு வளர்த்தார். தைச் சந்தையில் பாருங்கள் என் சேவலை என்று டீக்கடையில் சொல்லிவைத்தார். ஐப்பசியில் புள்ளி இறகு முளைத்தபோது அவருக்கு விளங்கியது. டீக்கடைக்கும் விளங்கியது. அவர் தலையைக் கண்டாலே யாராவது ஒருவன் கின்னிக்கோழி போலக் கத்திக் காட்டினான். பிடித்து விற்றுத் தள்ளிவிட வலையோடு போனார்; அவை கருவேலமரத்து உச்சியிலிருந்து அவரைப் பார்த்துக் கத்தின. விடியுமுன்னே தொடங்கும் அந்தச் சத்தத்தில் ராக்குவின் தூக்கமும் சேர்ந்துதான் கெட்டது. எழுந்து உட்கார்ந்து ஆசை தீரக் கேட்டாள்.

மாசியில் களம் சிவந்து கிடந்த ஒரு காலையில் மொத்தக் கூட்டமும் மரத்திலிருந்து இறங்கியது. மிளகாயைக் கொத்தி விதையைத் தின்று, நடுவில் படுத்துப் புழுதி குளித்து, எச்சமிட்டு நாசமாக்கியது. கம்போடு ஓடிக் களைத்த வேல்சாமி ராக்கு வாசலுக்கு வந்தார். அங்கே வலைக்கூண்டுக்குள், அதுவரை கொல்லையில் மறைத்து வளர்த்த ஓர் இளஞ்சேவல் நின்றது. தடித்த கால், தட்டைக் கொண்டை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரிஞ்சேதான செஞ்ச?"

"சோத்துல மருந்து இருந்தது எங்கோழிக்குத் தெரிஞ்சுச்சா சித்தப்பா?" கம்பு மணியைச் சேவலுக்குத் தூவிக்கொண்டே சொன்னாள். "வளக்கத் தெரிஞ்சவுக நீங்க. வளங்க."

அவர் விறுவிறுவென்று திரும்பி, பழைய சோறு கிடக்கிறதா என்று வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

வீரலட்சுமி சோற்றுப்பானையை வாசலுக்கே கொண்டுவந்து கவிழ்த்தாள்.

"கழுவியாச்சு. இனிமே இந்த வீட்டுல சோறு மிஞ்சாது."