முதலில் போனை வைக்கவேண்டியவர்

1

இந்தக் கதை எனக்குக் குப்பைப் பையோடு கிடைத்தது. உவமை இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் மாடியிலிருந்து நான் குப்பையை இறக்கிக்கொண்டிருந்தேன். மேல்வீட்டு எக்ஸ்சேஞ்ச் அக்கா தன் வீட்டுக் குப்பையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு ஏறி வந்தார். ஒதுங்கி வழிவிட்டேன். அவர் போகவில்லை.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

சொல்லத் தொடங்கியதும் அவரேதான் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்று, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். என் பையிலிருந்து ஏதோ ஒழுகிப் படியில் சொட்டியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கதை உச்சத்துக்கு வந்த நேரம் மேலே அவர் வீட்டு லேண்ட்லைன் மணியடித்தது. சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு, அந்த வயதில், இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினார்.

ஆகையால் முடிவு என்னிடம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. பின்னால் வந்து ஏமாற்றிவிட்டாய் என்று என்னைக் கேட்கக் கூடாது.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"இனிமையான ஒரு காலைப்பொழுதில் அந்த மூதாட்டி—" அக்காவின் காதுக்குப் போனால் மூதாட்டி என்ற சொல்லுக்கே என்னைக் கொன்றுவிடுவார்.

"கணினித் திரை இரத்தச் சிவப்பாக மாறிய அந்த—" வேண்டாம். இரத்தம் இல்லாமலே இதில் போதுமான பயம் இருக்கிறது.

"எக்ஸ்சேஞ்ச் அக்கா தன் வாழ்நாளில் ஒருமுறைகூட போனை முதலில் வைத்ததில்லை." இது நிற்கட்டும்.

3

(இரண்டாம் பகுதி எங்கே என்று தேடாதீர்கள். அக்காவின் கம்ப்யூட்டரில் வந்த எச்சரிக்கை திரையில் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க, சிவப்புப் பின்னணியில் கொட்டை எழுத்தில் "உங்கள் கணினி முடக்கப்பட்டது. அணைக்காதீர்கள்" என்று நானே அடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் என் மனைவி அதைப் பார்த்து அலறி, சுவரிலிருந்து வயரையே பிடுங்கிவிட்டாள். சேமிக்காத பகுதி போயே போச்சு. "நானே எழுதினதுடி" என்றேன். "அப்ப உங்களைத்தான் முதல்ல போலீஸ்ல கொடுக்கணும்" என்றாள். அவள் முகம் வெளிறியிருந்தது. என் எழுத்து இதுவரை யாரையும் இவ்வளவு தூரம் அசைத்ததில்லை. அதை நினைத்துப் பெருமைப்பட்ட அந்த ஒரு நொடிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.)

எக்ஸ்சேஞ்ச் அக்கா தன் வாழ்நாளில் ஒருமுறைகூட போனை முதலில் வைத்ததில்லை. பெரிய மருத்துவமனை ஒன்றின் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் பலகையில் உட்கார்ந்து வயதை ஓட்டியவர். அங்கே ஒரே சட்டம்: கூப்பிட்டவர்தான் முதலில் வைக்க வேண்டும். எடுத்தவர் வைக்கக் கூடாது. "எந்த வார்டு, எப்ப பார்க்கலாம்னு எல்லாம் கேட்டு முடிச்சுட்டு, கடைசியா ஒண்ணு இருக்கும் அவங்களுக்கு. பிழைச்சுடுவாரான்னு. அது வாயில வர நேரமாகும். நாம வச்சுட்டா அந்தக் கேள்வி அவங்க தொண்டையிலேயே நின்னுடும்." புதிதாக வந்த பெண்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

வேலை விட்டது, பழக்கம் விடவில்லை. தப்பு நம்பர், கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள், எல்லாரும் அக்காவிடம் தாங்களாகவே களைத்துப் போய்த்தான் வைப்பார்கள். கூட இருக்கிற தங்கச்சி பள்ளிச் சீருடை தைக்கிறவர். காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து இப்போது சுத்தமாகக் கேட்காது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தன் குரல் எவ்வளவு உயருகிறது என்று அவருக்கே தெரியாததால், அவர் பேசுவது கீழ்வீடு வரை கேட்கும். "எங்கக்கா போனை வைக்கணும்னா எதிர்ல இருக்கிறவன் செத்தாத்தான் உண்டு" என்று அவர் சொன்னது எனக்கு மாடி தாண்டி வந்து சேர்ந்ததுதான்.

தங்கச்சியின் காது அறுவைச் சிகிச்சைக்கு அக்கா பணம் சேர்த்து வைத்திருந்தார். நாளும் குறித்தாயிற்று. "எனக்குக் காது கேட்டா முதல்ல உன் பேச்சைத்தான் கேட்கணும். அதுக்கா இவ்வளவு செலவு?" என்பார் தங்கச்சி. அக்கா காதுக்குள் வைக்கும் கருவியின் படங்களைக் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருப்பார். அன்றைக்கும் அதைத்தான் தேடினார். ஏதோ ஒரு படத்தைத் தொட்டார்.

சைரன் அலறியது. திரை முழுக்கச் சிவப்பு. ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது: உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, உங்கள் வங்கி விவரங்கள் திருடப்படுகின்றன, கணினியை அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணை அழையுங்கள்.

நாலடி தள்ளித் தங்கச்சி காலர் தைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு சைரனும் இல்லை, பெண் குரலும் இல்லை. நிமிர்ந்து திரையைப் பார்த்து, "என்னக்கா, ஏதோ சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார்.

வாழ்க்கை முழுக்கக் காதை நம்பிப் பிழைத்தவர் அக்கா. லேண்ட்லைனை எடுத்தார். எண்ணைச் சுழற்றினார். மறுமுனையில், இரண்டாவது மணியிலேயே, ஒரு குரல்.

4

அந்தக் குரலை நான் முதலில் தப்பாக எழுதினேன்.

"கரகரத்த, வஞ்சகம் சொட்டும் குரலில் அவன்—" என்று எழுதி, சரிபார்க்கலாம் என்று இன்னொரு நாள் படியில் அக்காவை நிறுத்திப் படித்துக் காட்டினேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கரகரப்பா? யார் சொன்னா? சுத்தமான குரல் தம்பி. பணிவு, நிதானம், எல்லாம் இருந்துச்சு. நல்லா சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஒரே ஒரு குறைதான், மூச்சை வாக்கியத்துக்கு நடுவுல எடுத்தான்."

"அதையெல்லாமா கவனிச்சீங்க?"

"கவனிச்சேனா? திருத்தினேன்."

அதைக் கேட்டதில் முடிவைக் கேட்கவே மறந்து போனேன்.

பொதுவாக இந்த இடத்தில் எழுத்தாளன் கொஞ்சம் கூட்டிச் சொல்வான். நான் குறைத்துத்தான் சொல்கிறேன். தன் கணினியைக் காப்பாற்ற வந்ததாக நினைத்த அந்தக் குரலிடம் அக்கா சொன்னது இது: "தம்பி, மூச்சை வாக்கியம் முடிஞ்சப்புறம் எடுங்க. நடுவுல எடுத்தா கேக்கிறவங்களுக்கு சந்தேகம் வரும்."

மறுமுனையில் மூச்சை இழுத்து விடும் சத்தம். பிறகு, "நன்றிங்க மேடம்."

அடுத்த வாக்கியத்தை அவன் முழுதாகச் சொல்லி முடித்து, அதன் பிறகு மூச்சு எடுத்தான். அக்காவுக்கு மனசு நிறைந்தது. அவன் சொன்னதை அதற்குப் பிறகு முழுதாக நம்பினார். தன் கழுத்துக்குக் கயிறு திரிக்கிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முறுக்கு போதாது, இன்னும் கொஞ்சம் இறுக்கு என்று சொல்லிக்கொடுத்த மாதிரி.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. சில நாள் கழித்து எனக்கே அப்படி ஒரு அழைப்பு வந்ததாகவும், பேசியவன் வாக்கியம் முடிந்த பிறகே மூச்சு எடுத்ததாகவும். ரொம்பவும் பொருந்தி வருகிறதே, யார் நம்புவார்கள் என்று அடித்துவிட்டேன். அடித்ததற்குக் காரணம் அது நடக்கவில்லை என்பதல்ல.)

இன்னொன்றும் உறுத்துகிறது. அக்கா அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். என்னையும் அப்படித்தான்.

5

"மேடம், நான் இங்கிருந்தே உங்க கம்ப்யூட்டரைப் பார்க்கணும். ஒரு அனுமதி கேக்கும். ஆமான்னு அழுத்துங்க."

அழுத்தினார். சைரன் நின்றது. அந்த நிம்மதிக்கு அக்கா கண்ணை மூடித் திறந்தார். திறந்தபோது திரையில் இருந்த அம்பு நகர்ந்துகொண்டிருந்தது. மவுஸின் மேல் அக்காவின் கை இல்லை.

ஆளில்லாத வீட்டில் யாரோ அலமாரியைத் திறக்கிற மாதிரி அது ஒவ்வொரு படமாகத் திறந்து மூடியது. இவ்வளவு வருஷத்தில் எத்தனையோ பேர் குரலாக வந்து போயிருக்கிறார்கள். குரலுக்குக் கை முளைத்து வீட்டுக்குள் வந்ததில்லை.

"பயப்படாதீங்க மேடம். நான் இருக்கேன். பேங்க் பக்கத்தைத் திறங்க, பணம் பத்திரமா இருக்கான்னு சேர்ந்தே பார்த்துடுவோம்."

திறந்தார். ரகசியச் சொல்லை அடித்தார். அதன் பிறகு திரை கறுத்துப் போனது. "உள்ள சுத்தம் பண்ணிட்டு இருக்கோம்" என்றான்.

அக்காவுக்கு அப்போதே சந்தேகம் வந்ததாம். வைத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு. "ஆனா கை போகலை தம்பி. அவன் இன்னும் பேசி முடிக்கலையே. அவனா வைக்கட்டும்னு உக்காந்திருந்தேன்."

அவனுக்கும் ஒரு சட்டம் உண்டு என்று நினைக்கிறேன். எந்தக் காரணம் கொண்டும் லைனைத் துண்டிக்காதே. ஆக, வைக்கக் கூடாது என்று பழகிய இரண்டு பேர் ஒரே கம்பியின் இரண்டு முனையில்.

"மேடம், உங்க செல்லுக்கு ஆறு நம்பர் ஒண்ணு வரும். அதை மட்டும் சொல்லிடுங்க. முடிஞ்சுது."

அக்காவின் செல்போன் அவர் கையில் இல்லை. தையல் மெஷின் பலகையில், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அது அதிர்ந்தது. காது கேட்காத தங்கச்சிக்கு அதிர்வு தெரியும். எடுத்துப் பார்த்தார். அக்கா ஒரு கையில் ரிசீவரோடு மறு கையை நீட்டினார்.

தங்கச்சி தரவில்லை. "யாருகிட்ட பேசிட்டு இருக்க?"

அக்கா உதட்டை மட்டும் அசைத்தார்: கம்ப்யூட்டர் ஆபீஸ்.

"அவங்களா கூப்பிட்டாங்க?"

இல்லை, நான்தான், என்று உதட்டை அசைத்தார் அக்கா. அசைத்த உதடு அப்படியே நின்றுவிட்டது.

நான்தான் கூப்பிட்டேன்.

முதல் நாள் படிக்கட்டில் இதைச் சொன்னபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கை முழுக்க எடுக்கிறவராகவே இருந்தவர். யாருக்காவது தானாகக் கூப்பிட்டது விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்கும் எடுத்தவர் மாதிரியே உட்கார்ந்து, கூப்பிட்டவன் வைக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார். கூப்பிட்டவரே அவர்தான். சட்டப்படி முதலில் வைக்கவேண்டியவரும் அவர்தான். யாரும் தடுக்கவில்லை.

"உடனே வச்சிருப்பீங்களே அக்கா."

"அதுக்குள்ள இவ செல்லைப் பார்த்தா தம்பி. கண்ணாடியை நெத்தியிலேருந்து இறக்கி விட்டுட்டு, 'என்னக்கா இது, ஏதோ நம்பர் வந்திருக்கு' ன்னு—"

மேலே மணி அடித்தது. அக்கா ஓடினார்.

6

முடிவுகள்.

(அ) அக்கா ரிசீவரை வைக்கிறார். தங்கச்சி வயரைப் பிடுங்குகிறார். பேங்குக்குச் சொல்கிறார்கள், கணக்கை முடக்குகிறார்கள், பணம் பிழைக்கிறது. எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் மூச்சு திருத்தப்பட்ட அந்தக் குரல் அடுத்த வீட்டுக்குப் போகிறது. அங்கே யார்—

(ஆ) தங்கச்சி புத்திசாலித்தனமாகச் செல்லை அணைத்து இடுப்பில் செருகிக்கொள்கிறார். பொய். அவருக்கு அது என்ன நம்பர் என்றே தெரியாது.

(இ) இதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதிய கையோடு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். செல்லில் ஏதாவது வந்தால் தங்கச்சி வாய்விட்டுத்தான் படிப்பார். கீழ்வீடு வரை கேட்கும் குரலில். நாலடி தூரத்தில் திறந்திருக்கும் ரிசீவருக்கு அது கேட்காதா?

நேரே மேலே போனேன். அவர்கள் வீட்டில் அழைப்பு மணியை அழுத்தினால் தங்கச்சிக்காக உள்ளே ஒரு பல்பும் எரியும். எரிந்தது. தங்கச்சி திறந்தார்.

"ஆபரேஷன் எப்போ?" உதடு தெரிய மெதுவாகக் கேட்டேன்.

"எதுக்கு, இவ பேச்சைக் கேட்கவா?" என்று சிரித்தார். எப்போதும் சொல்வதுதான். அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் தோளுக்குப் பின்னால் அக்கா தெரிந்தார். ரிசீவரைக் காதில் வைத்திருந்தார். பேசவில்லை. மறுமுனையில் யாரோ நீளமாகப் பேசிக்கொண்டிருக்க, கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கையை உயர்த்தினார். நான் பொறுத்தேன். பிறகு இறங்கி வந்துவிட்டேன்.

7

ஆகவே என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: கறுத்த திரை, நீட்டிய கை, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்ளும் தங்கச்சி.

"நாலு" என்று படிக்கிறார். அறை முழுக்கக் கேட்கிறது. ரிசீவருக்குள் ஒரு பேனா மூடி திறக்கிற சத்தம்.

"ஒம்போது."

அக்கா வேண்டாம் என்று தலையாட்டுகிறார். தங்கச்சி செல்லைப் பார்க்கிறார், அக்காவைப் பார்க்கவில்லை. கத்தலாம். கத்தி என்ன பயன்.

"ஒண்ணு."

ரிசீவர் காதிலிருந்து இறங்குகிறது. போனின் தாங்கிக்கு இன்னும் ஒரு சாண் இருக்கிறது. எத்தனையோ வருஷமாகப் போகாத வழி, கை தடுமாறுகிறது.

"ஏழு."

மறுமுனையில் அவன் மூச்சுவிடாமல் காத்திருக்கிறான்.

நான் என்ன செய்ய முடியும் என்று பார்க்கிறீர்கள். என்னால் முடியாது. நான் உங்களைக் கூப்பிடவில்லை. என் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தேன், நீங்கள்தான் இந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள். தலைப்பைப் பார்த்தீர்கள், உள்ளே வந்தீர்கள். அக்காவின் சட்டம் உங்களுக்கு இப்போது தெரியும். நீங்கள் இந்த முனையில் இருக்கிறவரை நானும் இருந்தாக வேண்டும், நான் இருக்கிறவரை தங்கச்சி படித்துக்கொண்டேதான் இருப்பார்.

இன்னும் இரண்டு எண் பாக்கி.

அவர் வாயைத் திறக்கிறார்.

நான் வைக்க மாட்டேன்.