நாலாம் நம்பர் காற்று

அந்தக் காரின் கதவைத் திறந்தாலே நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். தங்கையின் கார். ஓட்டுவது அவள், குப்பை போடுவது அவள் புருஷன். சீட்டுக்கு அடியில் சிப்ஸ் தூள், கதவுப் பையில் காபி கொட்டிக் காய்ந்த கறை, பின்னால் ஒற்றை சாக்ஸ். இருபது வருஷமாக வண்டி வேலை பார்க்கிறேன், மீன் ஏற்றும் வேன்கூட இப்படி நாறியதில்லை.

"ஹீட்டர் மறுபடியும் போச்சுண்ணா," என்றாள் தங்கை. "ஒண்ணு, ரெண்டு, மூணு எதுலயும் ஃபேன் சுத்தல. நாலுல வெச்சாத்தான் ஊதுது. அந்தக் காத்து பாப்பா மூஞ்சியில அடிச்சா, இருமி இருமி வாந்தியே எடுத்துடறா."

பாப்பாவுக்கு நாலு வயது. மூன்று மாதமாக இருமல். டாக்டர் நாலு தடவை மருந்து மாற்றிவிட்டார். மறுநாள் காலையில் மயக்க மருந்து கொடுத்து நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். குளிரில் பிள்ளையை அவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டுமே என்றுதான் இந்த அவசரம். தங்கை தூங்கி எத்தனை நாளாயிற்றோ, கண் இரண்டும் உள்ளே போய்க் கிடந்தன.

"அந்த ரெசிஸ்டர்தான் மச்சான், மாத்தி விட்டுடுங்க," என்றார் மாப்பிள்ளை, கையில் பாக்கெட்டோடு. அப்போதும் தின்றுகொண்டுதான் இருந்தார்.

"நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்!"

அவர் சொன்னது சரிதான். அதுதான் எரிச்சல். ஃபேனை மெதுவாகச் சுற்ற வைக்கும் சின்னத் துண்டு அது. எரிந்துபோனால் முழு வேகம் மட்டும்தான் மிஞ்சும். இந்தக் குளிர்காலத்தில் இது மூன்றாவது. டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுக் கழற்றினேன். கரிக்கட்டையாக இருந்தது. அதற்கு மேலே ஒரு மாதிரி நாற்றம். ஃபேனையும் இறக்கினேன்.

சீ! இறக்கியதும் மடியில் கொட்டியது. கிழிந்த டிஷ்யூ, சிப்ஸ் பாக்கெட்டின் துண்டுகள், முடி, கைப்பிடி கைப்பிடியாக எலிப்புழுக்கை. நடுவில் காய்ந்துபோன ஒரு எலி, அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நாலைந்து குஞ்சுகள். காற்றை வடிகட்டும் ஃபில்டரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. வெளியே ஓடிப்போய்த் துப்பினேன்.

"பாருங்க மாப்பிள்ளை, நல்லாப் பாருங்க! வண்டிக்குள்ள இப்படி இறைச்சுத் தின்னா எலி வராம யானையா வரும்? இந்தக் கண்றாவியைத்தான் பிள்ளை மூணு மாசமா மூச்சுல இழுத்திருக்கு. நீங்கள்லாம் மனுஷங்களா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. பாக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தங்கை குனிந்து அந்தக் குவியலையே பார்த்தாள்.

"இதனாலதான் இருமலா?"

"எனக்கென்ன தெரியும்? உடனே டாக்டருக்கு ஃபோன் பண்ணு. குழாய் விடறதுக்கு முன்னாடி இதைச் சொல்லு."

அவள் ஃபோனை எடுத்தவள், அப்படியே நின்றாள்.

"அண்ணா, போன தடவை ஃபேனையும் கழட்டிப் பாத்தேன், சுத்தமா இருக்குன்னு சொன்னியே?"

சொன்னேன். அதற்கு முந்தின தடவையும் சொன்னேன். ஒரு முறை எரிந்தால் தேய்மானம், மறுமுறை எரிந்தால் ஃபேனில் ஏதோ அடைத்திருக்கிறது, கழற்றிப் பார் என்று என் பட்டறையில் நான்தான் எல்லோருக்கும் பாடம் எடுப்பேன். வெளியாள் வண்டியென்றால் பார்த்திருப்பேன். தங்கை வண்டிதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று துண்டை மாற்றி அனுப்பிவிட்டு, பார்த்தேன் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

"பாக்கல," என்றேன். "பாத்ததா பொய் சொன்னேன்."

ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணும் இந்த நாக்கை நானே பிடுங்கிப் போடலாம் போலிருந்தது. எலிகூட அவ்வளவு அருவருப்பாக இல்லை.

வாசலில் உட்கார்ந்திருந்த பாப்பா எழுந்து, இருமிக்கொண்டே, "மாமா, தூக்கு," என்று கையை விரித்தபடி ஓடி வந்தாள்.

தங்கை குறுக்கே வந்து அவளை அள்ளிக்கொண்டாள்.

"வேணாம்டி. மாமாகிட்டப் போகாத."