ரொட்டி காத்திருந்த கதைக்கு முன்னும் பின்னும்

நன்றாக முடிந்த ஒரு கதையை அதற்குப் பிறகு நோண்டக் கூடாது. இது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கதைப் புத்தகம், 'ரொட்டி காத்திருந்தது'. அதில் வரும் பையன் ஊரை விட்டுக் கிளம்பும்போது முழு ரொட்டியில் ஒரு வாய் கடிக்கிறான். மிச்சத்தை அவன் அம்மா ஆணியில் மாட்டி வைக்கிறாள். உஸ்பெகிஸ்தானில், எங்கள் கோகந்த் ஊரில் இன்றைக்கும் செய்வதுதான். கடித்தவன் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்று தீர்க்க வேண்டும். அதுவரை ரொட்டி அவனுக்காகக் காத்திருக்கும். புத்தகத்தின் கடைசிப் படத்தில் ஆணி வெறுமையாக இருக்கும், பையன் வாய் நிறைய மென்றுகொண்டிருப்பான், பின்னால் முற்றத்தில் ஆப்ரிகாட் மரம் பூத்து நிற்கும்.

அம்மா வாசிக்க, நானும் தம்பி எல்முரோதும் அட்டை கழன்று விழும்வரை கேட்டோம். பிறகு அதையே விளையாடினோம். எங்கள் முற்றத்தில் இருந்தது மல்பெரி மரம். அவன் அதைச் சுற்றி ஓடி வெளியூர் போய் வருவான். நான் அம்மாவாக நின்று அழுவேன். அழுவதில் நான் கெட்டிக்காரி.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவன் நிஜமாகவே கிளம்பினான், ரஷ்யாவுக்கு, கட்டட வேலைக்கு. ரொட்டியைக் கடித்துக் கொடுத்தான். அவனுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும், உபயம் நான்தான், சிறு வயதுச் சண்டை. அதனால் கடித்த வளைவின் நடுவில் சின்னதாக ஒரு துருத்தல் நின்றது. அம்மா அதைத் துணியில் சுற்றிச் சமையலறை ஆணியில் மாட்டினாள். கடைசி ஒரு வருடமாக அவனிடமிருந்து போனே இல்லை. பிறகு ஏதோ புது எண்ணிலிருந்து ஒரு வரி வந்தது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று.

சனிக்கிழமை நான் என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழைய புத்தகம் பொறுக்கப் பஜாருக்குப் போனேன். புத்தகக்காரர் ரஹ்மோனலி என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க டீச்சர். புத்தகம் வாங்க வந்தீங்களா, சண்டை போட வந்தீங்களா?"

"எலி தின்னது போக மிச்சம் ஏதாவது இருந்தா வாங்கலாம்னு வந்தேன்."

"நம்ம ஊர்ல எலிதானே படிக்குது." சிரித்துக்கொண்டே பெட்டிக்கு அடியில் கையை விட்டார். "அந்த ரொட்டிக் கதையைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பீங்களே, அதுக்கு முன்கதை ஒண்ணு, பின்கதை ஒண்ணு இருக்கு தெரியுமா?"

"சும்மா அளக்காதீங்க அண்ணே. எனக்குத் தெரியாம அதுல ஒரு கமா கூடக் கிடையாது."

ஒல்லியாக ஒரு புத்தகத்தை நீட்டினார். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதே ஓவியரின் கை, அதே சிவப்பு. என் நெஞ்சு குழந்தை மாதிரி குதித்தது.

"நீங்க படிச்சீங்களா?"

"பாதி." அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "என் பையன் கொரியாவுல இருக்கான்ல. அதான் மூடி வச்சுட்டேன்."

வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கவில்லை. மினிபஸ்ஸிலேயே பின்கதையைப் பிரித்தேன். வெறும் ஆணியோடுதான் தொடங்கியது. திரும்பி வந்த பையன் நல்லவன். விறகு பிளக்கிறான், அம்மாவைச் சிரிக்க வைக்கிறான். ஆனால் வீட்டு நாயின் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. பனிக்காலத்தில் ஒருநாள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். எலும்பும் தோலுமாக ஒருவன். "அம்மா, என் ரொட்டி எங்கே?" என்று கேட்கிறான். அம்மா ஆணியைப் பார்க்கிறாள். ரொட்டியைத் தின்று தீர்த்தவனே மகன், அந்த ரொட்டி தீர்ந்துவிட்டது என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். கடைசிப் படத்தில் அவன் பனியில் நடந்து போகிறான், அடுத்தடுத்த வீட்டு ஜன்னல்களை எட்டிப் பார்த்தபடி.

முன்கதை இன்னும் மோசம். வேறொரு மகனுக்காக ரொட்டி தொங்கும் வீட்டுக்கு எங்கிருந்தோ பசியோடு ஒரு குழந்தை வருகிறது. தன் பிள்ளை இல்லை என்று அந்தத் தாய்க்கு நன்றாகவே தெரிகிறது. தெரிந்தே ரொட்டியை இறக்கிக் கொடுக்கிறாள், மகனின் பெயரையும் கொடுக்கிறாள். நாங்கள் உருகி உருகி நேசித்த பையனே அப்படி வந்தவன்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பிள்ளைகளுக்கு எழுதுகிற கதையா இது!

ஞாயிற்றுக்கிழமை நான் அம்மா வீட்டில் இருந்தபோது எல்முரோத் வந்தான். அதே உயரம், அதே குரல். அம்மா அவனைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தான். முன்பல் முழுசாக இருந்தது.

"பல்லு?" என்றேன்.

"அங்கயே கட்டிக்கிட்டேன்க்கா. இனி நீ மறுபடி உடைக்கலாம்."

எனக்கே வெட்கமாகப் போயிற்று. புத்தகம் படித்துப் புத்தி கெட்டுவிட்டது என்று என்னை நானே திட்டிக்கொண்டு முற்றத்துத் திண்ணையில் புலாவுக்குக் கேரட் நறுக்க உட்கார்ந்தேன். முற்றத்தில் நின்றிருந்தவன் அண்ணாந்து பார்த்தான். அவன் தலைக்கு மேல் மல்பெரி மரம் கிளை விரித்து நின்றது.

"ஏன்க்கா, ஆப்ரிகாட் மரத்தை வெட்டிட்டீங்களா? அதைச் சுத்தித்தானே ஓடுவேன்."

எங்கள் வீட்டில் ஆப்ரிகாட் மரம் என்றைக்கும் இருந்ததில்லை. அது படத்தில் இருந்தது. கத்தியைக் கேரட் மேலேயே போட்டுவிட்டு எழுந்தேன்.

சமையலறைக்கு ஓடினேன். அம்மா ஸ்டூலில் ஏறி ரொட்டியை இறக்கியிருந்தாள். நான் அதைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். இதை இவன் தின்றுவிட்டால் என் தம்பிக்குத் திரும்பி வர வீடு இருக்காது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"அம்மா, இது அவன் இல்ல."

"கத்தாதடி. கேட்டைத் திறக்கும்போதே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா? அந்தக் கதைக்குப் பின்கதை இருக்கும்மா, நேத்துதான் படிச்சேன். அதுல..."

"மூணையும் நான் படிச்சிருக்கேன், நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே. நடுவுல இருக்கறதை மட்டும்தான் உங்களுக்குப் படிச்சேன். பிள்ளைங்களுக்கு அது போதும்."

"நாளைக்கு அவன் வந்து கதவைத் தட்டினா என்ன சொல்லுவே?"

அம்மா ஆணியைப் பார்த்தாள். "ஆறு வருஷமா ஆணியைப் பாத்துக்கிட்டிருக்கேன் மஸ்தூரா. இவன் பசியோட வந்திருக்கான். போய் டீயை ஊத்து." என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ரொட்டியை எடுத்துக்கொண்டாள்.

கல்லாகிப் போயிருந்த ரொட்டியை அவன் டீயில் நனைத்து நனைத்துத் தின்றான். துருத்தல் இருந்த அந்தத் துண்டையும் தின்றான். கடைசியில் விரலை ஒற்றி விரிப்பிலிருந்த துகளைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டான். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவனை வெறுத்தேன்.

வெறுப்பு நிலைக்கவில்லை, அதுதான் கொடுமை. ஒழுகிய கூரையை அவன் சரி செய்தான். அம்மா பழையபடி முணுமுணுத்துப் பாட ஆரம்பித்தாள். தெருவே அவளுக்கு வாழ்த்துச் சொன்னது.

அடுத்த வார இறுதியில் என் வீட்டில் நானே ரொட்டி சுட்டேன். ஊரை விட்டுப் போகாதவள் அதைக் கடிக்கக் கூடாது. ஆனாலும் கடித்தேன், நடுவில் ஒரு துருத்தல் நிற்கிற மாதிரி விட்டுவிட்டு. துணியில் சுற்றி ஆணியில் மாட்டினேன். என் தம்பி வந்தால் அம்மா கதவைச் சாத்தட்டும். அக்கா வீடு மூன்று தெரு தள்ளித்தானே இருக்கிறது.

அம்மா கறி வைத்துச் சுட்ட சம்சாவை எடுத்துக்கொண்டு அவன் வந்தான். வந்தவன் ஆணியைப் பார்த்துவிட்டான்.

"இது யாருக்குக்கா?"

"என் தம்பி எல்முரோதுக்கு." அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

அவன் கோபப்படவில்லை. சம்சாத் தட்டைக் கீழே வைத்தான். ஆணியருகே போய், ஒருபக்கம் நழுவியிருந்த துணியை மெல்ல இழுத்துச் சரி செய்தான்.

"ஒண்ணு பத்தாதுக்கா" என்றான். "எனக்குப் பின்னாடி நிறையப் பேர் நடந்து வந்துக்கிட்டிருந்தாங்க."