குடிகார எலி தயாரிக்கும் விதம்

மகனுடைய உயிருக்குத் திருமூர்த்தி சொன்ன விலை மூன்று லட்சம். அதிலும் ஐம்பதாயிரம் பேரத்துக்கு இடம் வைத்துத்தான் சொல்லியிருந்தார்.

கேட்டுக்கொண்டு நின்ற ரோஸ்மேரிக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே கறி எடுக்கப் போயிருக்கிற நேரம். எலிகளுக்கு ஏது ஞாயிறு? நாற்பது கூண்டுகளிலும் இரண்டிரண்டு பாட்டில்களைக் கழற்றித் தினமும் எடை போட வேண்டும். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் சாராயம் கலந்த தண்ணீர். எதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வேலம்பாளையத்தில் பனியன் செக்கிங் வேலை பார்க்கும் அவள் அம்மா அதை வேறு மாதிரிச் சொல்வாள்: "எலிக்குச் சாராயம் ஊத்துததுக்கா ஒன்னைய இம்புட்டு படிக்க வச்சேன்? ஒங்கப்பன் இருந்திருந்தா சம்பளமே வாங்காம இந்த வேலையப் பாத்திருப்பான்."

பெருமாநல்லூர் தாண்டி நான்கு பனியன் முதலாளிகள் சேர்ந்து கட்டிய மருந்தியல் கல்லூரி அது. பனியனில் வந்ததைப் படிப்பில் போட்டால் பெயருக்கும் நல்லது, வரிக்கும் நல்லது. முகப்பு வளைவுக்குக் கிரானைட் போட்டவர்கள் எலிக்குத் தீனி போட மட்டும் யோசித்தார்கள். ரோஸ்மேரியின் உதவித்தொகை வருகிற 2007 மார்ச்சோடு முடிகிறது. அதற்கப்புறம் எலிகளும் அவளும் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த லட்சணத்தில் போன வாரம் ஒரு நாளிதழ் மாவட்டப் பக்கத்தில் 'குடியை மறக்கடிக்கும் மருந்து: பெண் விஞ்ஞானி சாதனை' என்று போட்டுவிட்டது. நான்காவது வரியில் 'எலிகளுக்கு' என்று ஒரு சொல் இருந்தது உண்மை. நான்காவது வரி வரைக்கும் படிக்கிற பொறுமை, வீட்டில் குடிகாரனை வைத்திருப்பவர்களுக்கு எங்கே இருக்கும்? திருமூர்த்திக்கும் இல்லை. நூறு தையல் மெஷின் போட்டு ஐரோப்பாவுக்கு டி-ஷர்ட் அனுப்புகிறவர், வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு செல்போனோடு வந்து நின்றார். ஒரே மகன் தமிழ்செல்வன். இருபத்தாறு வயது, எட்டு வருஷமாகக் குடி.

"எலிக்கு நின்னுதுங்களா, இல்லீங்களா? அத மட்டுஞ் சொல்லுங்க அம்மிணி."

"மருந்து குடுத்த வரைக்கும் குறைஞ்சுதுங்க. நிறுத்தினதும் பாதி எலி பழையபடி ஆரம்பிச்சிருச்சு. பேப்பர்காரங்க அதைப் போடலை."

"பாதி தேறுச்சில்லீங்களா? எங்க தொழில்ல சாம்பிள் ஓகே ஆயிட்டா மொத்த ஆர்டரையும் பல்க்குல வெட்டிருவமுங்க."

"காட்டன்ல சாம்பிள் காட்டிட்டு பாலியஸ்டர்ல பல்க் வெட்டுவீங்களா?"

திருமூர்த்தி நேர்மையாக யோசித்தார். "ஒருக்கா வெட்டியிருக்கறமுங்க. சரக்கு வாங்குன பையர் கண்டுபுடிச்சு கண்டெய்னரையே திருப்பி அனுப்பிச்சுட்டான்."

"இதுல போன உயிர் திரும்பி வராதுங்க."

"மூணு லட்சமுங்க அம்மிணி. உங்க எலிகளுக்கெல்லாம் ஏசி போட்டுரலாம்."

மருந்து பத்தடி தூரத்தில் ஃபிரிட்ஜுக்குள் இருந்தது, கட்டைவிரல் அளவு குப்பியில். எடுத்து நீட்டினால் ஆராய்ச்சி இன்னும் இரண்டு வருஷம் ஓடும், கேட்க ஆளில்லை. வேண்டாம் என்று சொல்லவும் கொஞ்சம் பலம் வேண்டும். காலையிலிருந்து கூண்டு கூண்டாகக் குனிந்து நிமிர்ந்ததில் அதுவும் செலவாகிப் போயிருந்தது. எனவே "உள்ள வந்து பாருங்க" என்றாள். பதில் சொல்லத் தெரியாதவர்கள் சரக்கைக் காட்டுவது எல்லாத் தொழிலிலும் உள்ளதுதான்.

உள்ளே மூத்திர வாடையும் மரத்தூள் வாடையும் கலந்து அடித்தன. வரிசையாக இருந்த கூண்டுகளைத் திருமூர்த்தி தன் கம்பெனி லைனைப் பார்ப்பதுபோல ஒரு நடை நடந்து பார்த்தார்.

"ஏனுங், இதுக குடிக்கப் பழகுனது எப்புடி?"

"நாங்கதான் பழக்கினோம்."

நூறு தடவை சொன்ன பாடம் என்பதால் அவள் கூண்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். முதலில் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனிக்கூண்டில் போட வேண்டும். ஒரு நாள் கூண்டைச் சாய்த்து வைப்பது, ஒரு நாள் படுக்கிற மரத்தூளை நனைத்துவிடுவது, ஒரு நாள் ராத்திரி முழுக்க விளக்கை எரியவிடுவது. எது எப்போது வரும் என்று எலிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் பழகிக்கொள்ளும். சில வாரத்தில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தாலும் சீந்தாது. தொட்டியில் விட்டால் நீந்திப் பார்க்காமல் சும்மா மிதக்கும். அந்த நேரம் பார்த்துச் சாராயத்தை வைத்தால் வேண்டாம் என்று சொல்லாது.

"ஷிப்மெண்ட் டைம்ல எங்க கம்பெனியும் இதே மாதிரிதானுங்க," என்று திருமூர்த்தி சிரித்தார். "டெய்லருகளக் கொறை சொல்லிப் பிரயோசனமில்ல போங்க."

சிரிப்பு கடைசியில், வரிசைக்கு வெளியே இருந்த ஒரு கூண்டின் முன்னால் நின்றுவிட்டது. அதற்குள் ஓர் எலி மூலையில் ஒண்டிக்கொண்டு, மீசை வரைக்கும் வெடவெடவென்று நடுங்கியது.

"இதுக்கு என்னாச்சுங்க?"

"நேத்து இதுக்குச் சாராயத்தை நிறுத்தினோம். ரொம்ப நாள் குடிச்சதை ஒரேயடியா நிறுத்தினா இப்படித்தான். சிலது வலிப்பு வந்து செத்தும் போயிரும்."

"தனியாவேதான் வெக்கோணுங்களா?"

"கூட்டத்துல விட்டா குடி குறைஞ்சிரும். எங்களுக்குக் குடிகார எலிதானே வேணும்."

திருமூர்த்தியின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், செல்போன்களுக்குப் பின்னால் எதையோ தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

"என்ற பையன மாடி ரூம்புல போட்டுப் பூட்டியிருக்கறனுங்க," என்றார். "வியாழக்கெழம ராத்திரியிலிருந்து. சோத்த சன்னல்லயே குடுத்தர்றது. ஆரையும் பேச உடுல. லைட்ட அணைச்சாக் கத்தறான்னு லைட்டு எரிஞ்சுட்டே கெடக்குது. நேத்து சுவத்துல பூச்சி ஊருதுன்னு நகத்துல சொரண்டிட்டு இருந்தான். எப்புடியும் மருந்து வாங்கியாந்தர்லாம், அதுவரைக்கும் உள்ளயே கெடக்கட்டும்னு…"

ரோஸ்மேரியின் களைப்பு எங்கேயும் போகவில்லை. இறக்கி வைக்க நேரமில்லாததால் அதையும் சுமந்துகொண்டேதான் கேட்டாள்.

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்ற கிட்டத்தானுங்க."

மகன் உயிரை விலை பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தச் சாவி அவர் பையிலேயே இருந்திருக்கிறது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். மனநல டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரியா."

"ஐயோ, அதாகாதுங்க. பாப்பாவுக்குத் தையில நிச்சயம். அண்ணங்காரன மெண்டல் ஆஸ்பத்திரில சேத்தியிருக்குதுன்னு தெரிஞ்சா…"

"எழவு விழுந்தா மட்டும் தையில நிச்சயம் நடக்குமா?"

திருமூர்த்தியிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை, கண்டெய்னரைத் திருப்பி அனுப்பியவன்கூட மரியாதையாகத்தான் எழுதியிருந்தான். அவர் தெரிந்த பாஷையிலேயே கேட்டார்: "உங்க ஃபீஸ் எவ்வளவுங்க?"

"வண்டியை எடுங்க."

பாதிப் பாட்டில்கள் எடை போடாமல் கிடந்தன. இவரைத் தனியாக அனுப்பினால் வீடு போவதற்குள் மனத்துக்குள்ளேயே பேரம் பேசி, நாளைக்குப் பார்க்கலாம் என்று தீர்த்துக்கொள்வார் என்பது அவளுக்குத் தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

மாடி அறையில் தமிழ்செல்வன் கட்டிலுக்கு அடியில் இருந்தான். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது, நகக்கண்ணில் ரத்தம். அப்பனைப் பார்த்து, "ஆருங்க நீங்க?" என்று மரியாதையாகக் கேட்டான். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு, "இன்னொரு ராத்திரி விட்டிருந்தா பையன் கிடைச்சிருக்க மாட்டான்" என்றார்.

மார்ச் கடைசியில் ரோஸ்மேரி காலிக் கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எடை விட்டுப்போனதால் அந்த நாற்பது எலிகளின் கணக்கையும் ஆய்வேட்டில் சேர்க்க முடியாது என்று ஆராய்ச்சி வழிகாட்டி சொல்லிவிட்டார். உதவித்தொகையும் முடிந்துவிட்டது. அப்போதுதான் போன் வந்தது.

"திருமூர்த்தி பேசறனுங்க அம்மிணி. ஆஸ்பத்திரிலிருந்து பையன் ஊட்டுக்கு வந்து நூறு நாளாச்சு, கணக்குச் சொல்லிரலாம்னு கூப்புட்டேன். தொண்ணூத்தாறு நாள் சுத்தமுங்க. நாலு நாள் குடிச்சுப்போட்டான். நிச்சயம் தள்ளிப்போச்சு, போயிட்டுப் போகுது."

"அந்த நாலு நாளும் கூட யாரு இருந்தாங்க?"

மறுமுனையில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஆருமில்லீங்க. எனக்கு ஷிப்மெண்ட்டு."

அவரே சொன்னார்: "வரவு தொண்ணூத்தாறும் அவன் பேர்ல இருக்கட்டுங்க. பற்று நாலையும் என்ற பேர்லயே எழுதிக்கறேன். உங்களுக்கு நாந் தர வேண்டியதுதான் ஒரு ஞாயித்துக்கெழம பாக்கி நிக்குது. அத எதப் போட்டு நேர் பண்றதுன்னுதான் தெரியலீங்க."

"நிக்கட்டுங்க," என்று சொல்லிவிட்டு ரோஸ்மேரி அடுத்த கூண்டை எடுத்தாள்.