ரிவர்ஸ் கியர் இல்லாத வீடு

மூன்றாவது குறுக்குத் தெருவின் கடைசி வீடு பதினெட்டு மாதங்களில் அறுபத்திரண்டு கிலோமீட்டர் நகர்ந்தது. இதில் அந்த வீட்டுத் தையல்காரம்மாவின் பங்கு என்று பார்த்தால், அவர் வீட்டைத் தொடவே இல்லை. வீட்டை ஒட்டிய ஷெட்டில் நின்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரைத்தான் ரிப்பேர் செய்தார். வீடு நகர்ந்தது அந்த ரிப்பேரின் விளைவு. காது குத்துகிற கதை என்று நினைப்பவர்கள் அந்தத் தெருவுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கடைசி வீடு இருந்த இடத்தில் இப்போது காலி மனையும் ஒரு துணி துவைக்கும் கல்லும்தான் கிடக்கின்றன. அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு போகவில்லையே என்ற வருத்தம் தையல்காரம்மாவுக்கு இன்றைக்கும் உண்டு.

கார் அந்த வீட்டுக்கு வந்தது அவருடைய கணவரால். அவர் பதினாலு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் இயக்கியவர். தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். காலையிலிருந்து சாயங்காலம் வரை மேலே, கீழே, மேலே, கீழே. அப்படி வாழ்ந்த மனிதருக்கு நேராக எங்காவது போக வேண்டும் என்று ஆசை வந்ததில் என்ன ஆச்சரியம்? ஒன்பதாவது மாடி முதலாளி ஒருவரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் கட்டடத்தின் அடித்தளத்தில் பதினோரு வருடமாக ஓடாமல் நின்றது. இரண்டே இருக்கை, மடக்குகிற துணிக்கூரை, ஏறி உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்தது போன்ற உயரம். லிஃப்ட்காரர் ஓய்வு பெற்ற அன்று, "இத நீ எடுத்துக்கிறியாப்பா?" என்று முதலாளி கேட்க, இவரும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார். கட்டட நிர்வாகம் தன் பங்குக்கு, ஒன்றரை அடி நீளச் செம்புத் தகட்டில் அவர் பெயரையும் முப்பத்தோரு வருடச் சேவையையும் பொறித்துக் கொடுத்தது. தகடு படுக்கையறைச் சுவருக்குப் போனது, கார் ஷெட்டுக்குப் போனது. "மொதப் பயணம் கடலுக்குத்தான். கூரையத் தொறந்து போட்டுக்கிட்டுப் போறோம்," என்று அவர் மனைவியிடம் சொன்னார். நேர் கிழக்கே அறுபத்திரண்டு கிலோமீட்டரில் கடல் இருந்தது. இருவருமே அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

கார் ஒரே ஒரு முறை தெருமுனை வரை போனது. திரும்பும்போது தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். அடுத்த வாரம் ஷெட்டுக் கூரையின் ஓட்டையை அடைக்க ஸ்டூலில் ஏறிய லிஃப்ட்காரர் கீழே விழுந்தார். முப்பத்தோரு வருடம் பதினாலு மாடி ஏறி இறங்கியவருக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை, மூன்றடி ஸ்டூல் முதுகெலும்பை உடைத்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆளைக் கட்டிலைவிட்டு எடுக்கவே கூடாது, வாசற்படி தாண்டித் தூக்கிப்போனாலும் ஆபத்து என்றார். தையல்காரம்மாவைத் தனியாக அழைத்து, இரண்டு வருடம் இருந்தால் பெரிய விஷயம் என்றும் சொன்னார். அக்கம்பக்கத்தார் வந்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். தையல்காரம்மா அழுதார், நன்றாகவே அழுதார், இரண்டு நாள். மூன்றாம் நாள் ஷெட்டைத் திறந்து காரின் பானெட்டைத் தூக்கினார். முதலில் வண்டி தயாராகட்டும், ஆளை எப்படிக் கூட்டிப்போவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தார். பிடித்த பிடியை விடுகிற பெண் இல்லை அவர்.

தையல்காரம்மா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். மூன்று பள்ளிப் பிள்ளைகள் அவர் தைத்ததைத்தான் போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். சீருடை தைக்கிறவர்கள் எதை வெட்டினாலும் வளரும் பிள்ளைக்கு என்று ஓரங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுவார்கள். அதை உள்ளே மடித்துத் தைத்துவிட்டால், பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். இருபத்தாறு வருடம் அப்படியே வெட்டிய கை அது. துணி வெட்டும் பெரிய கத்தரியால் வேறு எதையும் வெட்டக் கூடாது என்பதும் அவர் வீட்டுச் சட்டம். ஒரு முறை லிஃப்ட்காரர் அதை எடுத்து நாளிதழை வெட்டப்போய், நாலு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் கார் வேலைக்கென்று துருப்பிடித்த வேறொரு கத்தரி வைத்துக்கொண்டார். வேலை சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. ஷெட்டுக்கும் படுக்கையறைக்கும் ஒரே சுவர், லிஃப்ட்காரர் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். "மூணாவது சிலிண்டர் சரியா அடிக்கல. பிளக்கக் கழட்டிப் பாரு," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். கழற்றிப் பார்த்தால் பிளக் கரி பிடித்துத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் லிஃப்ட்காரரின் தம்பி வருவார். பஸ் டிப்போவில் மெக்கானிக் என்பதால் அவரை டிப்போக்காரர் என்பார்கள். அவர் கியர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ரிவர்ஸ் கியர் மொழுக்கென்று தேய்ந்துவிட்டது, இந்தக் காருக்குச் சாமான் செய்வதை நிறுத்தியே இருபது வருடம் ஆகிறது என்று கையை விரித்தார்.

"அப்ப அத எடுத்துப் போட்டுடுங்க தம்பி. திரும்பி வர்றதுக்கா போறோம்?" என்றார் தையல்காரம்மா.

டிப்போக்காரர் அண்ணியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் எடுத்துப் போட்டார்.

தவறு நடந்தது கேஸ்கட்டில். என்ஜினின் பாகங்களுக்கு நடுவே எண்ணெய் கசியாமல் இருக்க வைக்கிற தக்கைத் தாள்தான் கேஸ்கட். தையல்காரம்மா பழையதைத் தாள்மேல் வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, புதியதை வெட்டிக்கொண்டே வந்தார். முடித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் சுற்றிலும் ஓரங்குலம் கூடுதலாக விட்டு, மடித்து, பொருத்தியும் ஆகிவிட்டது. ரேடியேட்டரின் ரப்பர் குழாய், இருக்கை உறை, கூரைத் துணி எல்லாவற்றிலும் அதே ஓரங்குலம். டிப்போக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன அண்ணி இது, பாவாடையா? காரு என்ன வளரவா போகுது?" தையல்காரம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் பிரிக்க மனசில்லை. "கை பழகிப்போச்சு தம்பி. ஓட்டித்தான் பாப்போமே," என்றார். பின்சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, முதல் கியரைப் போட்டு கிளட்சை மெல்ல விட்டார். சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. கார் ஷெட்டுக்குள் நின்ற இடத்திலேயே நின்றது. வீடு ஒன்பது அங்குலம் கிழக்கே போனது. இதை முதலில் கண்டவர் வாசலில் பால் ஊற்றிக்கொண்டிருந்த பால்காரர், ஏனென்றால் பால் பாத்திரத்துக்கு வெளியே விழுந்தது. டிப்போக்காரர் டேப்பை எடுத்து அளந்தார், நம்பாமல் மறுபடியும் அளந்தார், பிறகு தொழில் தெரிந்தவர் என்ற முறையில் தன் கருத்தைச் சொன்னார்: வளர்வதற்கு இடம் விட்டிருக்கிறது, காரால் வளர முடியாது, அதனால் அதன் இழுவை வளர்ந்து வீட்டைப் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்து பார்த்த எந்த இன்ஜினியரும் இதைவிட நல்ல விளக்கம் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஏம்மா, என்ன பண்ணின? கட்டில் ஆடவே இல்ல, ஜன்னலுக்கு வெளிய மட்டும் நகருது!"

தையல்காரம்மா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கட்டிலைவிட்டு எடுக்கக் கூடாது, வாசற்படி தாண்டக் கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார்? வீடு போகக் கூடாது என்று சொல்லவில்லையே! முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதல் கியரைப் போட்டார்.

அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் வீடு ஓடியது. நின்ற இடத்தில் ஓடும் காருக்குக் காற்று கிடைக்காது, ரேடியேட்டர் கொதித்துவிடும், அதற்கு மேல் ஓட்ட முடியாது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது மீட்டர் போனால் நல்ல நாள். மீதி நேரமெல்லாம் ரிப்பேர். மின்வாரிய ஊழியர் வியாழக்கிழமை தோறும் வந்து ஒயரை நீட்டிக் கொடுத்தார், பிறகு அலுத்துப்போய் அந்தந்த ஊர்க் கம்பத்திலேயே கொடுக்கச் சொல்லிவிட்டார். தபால்காரர் மூன்றாவது குறுக்குத் தெரு, கடைசி வீடு என்ற முகவரிக் கடிதங்களுடன் முதலில் நடந்தும், பிறகு சைக்கிளிலும், பிறகு பஸ்ஸிலும் வந்தார். வழியில் ஒரு பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவர் குறுக்கே நின்றது. தலைமையாசிரியை வெளியே வந்து பார்த்தார், பின்னால் நின்ற முந்நூறு பிள்ளைகளின் சீருடையையும் பார்த்தார், சுவரில் ஒரு பகுதியை இடிக்கச் சொன்னார். ரயில்வே கேட்டை வீடு தாண்ட ஒன்றரை நாள் ஆனது. ரயில்கள் நின்று போயின, பயணிகள் இறங்கி வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். சோளக்காடு ஒன்றின் நடுவே காரின் தண்ணீர் பம்பு உடைந்து வீடு இருபத்து மூன்று நாள் நின்றபோது, காட்டுக்காரர் அதைச் சுற்றி அறுவடை செய்துகொண்டார். லிஃப்ட்காரருக்கு இதெல்லாம் ஒரே கொண்டாட்டம். தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, "அடுத்தது என்ன மாடி?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஜன்னல் வழியாகக் கேலி பேசினார்.

ஐம்பத்தொன்பதாவது கிலோமீட்டரில், காற்றில் உப்பு வாசனை வர ஆரம்பித்த வாரத்தில், என்ஜின் வெள்ளைப் புகை கக்கியது. ஆயில் பால் ஊற்றியது போல வெளுத்திருந்தது. என்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் பெரிய கேஸ்கட் எரிந்து, தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. அதற்குள் லிஃப்ட்காரரும் மெலிந்துபோயிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரும் குரல் நாளுக்கு இரண்டு முறையாகி, ஒரு முறையாகி, பிறகு இருமல் மட்டும் கேட்டது. பஸ் பிடித்து வந்த டாக்டர், மாதக் கணக்கெல்லாம் இனி வேண்டாம், நாட்களை எண்ணுங்கள் என்றார். மூன்றே கிலோமீட்டர். தையல்காரம்மா ஷெட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு, "இதுக்காடா இவ்ளோ தூரம் வந்தோம்!" என்று யாரையோ திட்டினார்.

"இந்த எடத்துக்குத் தக்கை தாங்காது அண்ணி. செம்புத் தகடு வேணும். இந்தப் பொட்டக்காட்டுல எங்க போய்த் தேடுறது?" என்று டிப்போக்காரர் கையைப் பிசைந்தார். தையல்காரம்மா படுக்கையறைக்குள் போய் நின்றார். சுவரில் மாட்டியிருந்ததை நிமிர்ந்து பார்க்கவும் அவருக்குத் துணிவு வரவில்லை. லிஃப்ட்காரர்தான் பார்த்தார்.

"அத அங்க மாட்டி வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? வெட்டு."

"உங்க பேரு இருக்குங்க."

"பேரு உள்ள இருந்தா கசியாது. வெட்டும்மா."

தகட்டை அடுப்பில் வைத்துச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கியதும் செம்பு இளகியது. துருப்பிடித்த கத்தரி அதில் ஒரு கோடுகூட இறங்கவில்லை. தையல்காரம்மா உள்ளே போய், துணியைத் தவிர இருபத்தாறு வருடம் எதையும் தொடாத பெரிய கத்தரியை எடுத்து வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். வெட்டி முடித்தபோது கத்தரியின் அலகு மூன்று இடத்தில் உடைந்திருந்தது, உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. சுற்றிலும் ஓரங்குலம் விட்டிருந்தார். இந்த முறை தெரிந்தே விட்டார்.

மறுநாள் மதியம் என்ஜின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. தையல்காரம்மா இரண்டு மணி நேரக் கணக்கையெல்லாம் பார்க்கவில்லை, முதல் தடவையாக இரண்டாவது கியருக்கும் போனார். டிப்போக்காரர் ரேடியேட்டருக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியபடி நின்றார். வீடு மணலில் ஏறி, காய்ந்துகொண்டிருந்த வலைகளை மிதிக்காமல் சுற்றி வந்து, சாயங்காலம் நாலேமுக்காலுக்குக் கடற்கரையில் போய் நின்றது. படுக்கையறை ஜன்னல் முழுக்கக் கடல். லிஃப்ட்காரர் ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு சுவரைத் தட்டி, "கூரையத் தொறந்து போட்டுக்கிட்டுன்னு சொன்னேன்ல?" என்றார். தையல்காரம்மா காரின் துணிக்கூரைக் கொக்கிகள் இரண்டையும் கழற்றிப் பின்னால் மடக்கினார். படுக்கையறையின் ஓட்டுக்கூரையும் ஓர் ஓடு உடையாமல் அதே மாதிரி பின்னால் மடங்கிக்கொண்டது. உள்ளே காற்று புகுந்து போர்வையைத் தூக்கியது.

"இன்னும் கொஞ்சம் முன்னால எடு," என்றார் லிஃப்ட்காரர்.

எடுத்தார். அலை வாசற்படி ஏறி, நடுவீடு வரை வந்து, தையல் மெஷின் காலை நனைத்தது. டிப்போக்காரர், "போதும் அண்ணி, பின்னால எடுங்க, பின்னால!" என்று கத்தினார். பின்னால் எடுக்க வழியில்லை. ரிவர்ஸ் கியர்தான் சோளக்காட்டுக்கும் முன்னால், ஊரிலேயே, பழைய இரும்போடு கிடக்கிறதே. தையல்காரம்மா என்ஜினை அணைக்கவில்லை, கியரையும் எடுக்கவில்லை, ஆக்சிலேட்டரில் வைத்த காலை அப்படியே வைத்திருந்தார். கொஞ்ச நேரம் வீடும் கடலும் எதிரெதிராக நின்றன. பிறகு கடல் பதினைந்து அடி பின்னால் போனது.

லிஃப்ட்காரர் அதன்பின் நூற்றுப் பன்னிரண்டு நாள் இருந்தார். கடைசி நாளன்று காலையிலும் அவர் கேட்டது, "ஆயில் மாத்தினியா?" என்பதுதான். மாற்றியிருந்தார். காரியங்கள் முடிந்து சொந்தக்காரர்கள் தையல்காரம்மாவை ஊருக்கே திரும்பி வந்துவிடச் சொன்னபோது, வண்டியில் ரிவர்ஸ் இல்லையே என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். இப்போது அந்தக் கரைப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறார், மாதம் ஒரு முறை காரைக் கிளப்பிப் பார்க்கிறார், புதுக் கத்தரி வாங்கிவிட்டார். மீனவர்கள் படகை இறக்கும்போது அந்த வீட்டுக்கு முன்னால் மட்டும் பதினைந்து அடி கூடுதலாகத் தள்ளுகிறார்கள். அலைகளும் அங்கே வந்ததும் அந்த அளவுக்கு விட்டு நின்றுகொள்கின்றன. கடலுக்கும் பழகிவிட்டது.