மூன்றாவது ஒயர்

மண்வாரியின் கேபின் கதவைத் திறந்தபோது அவர் சீட்டை விட்டு எழவில்லை. திரையைப் பார்க்க வேண்டுமானால் அவருடைய முழங்காலுக்குக் குறுக்கே நான் குனிய வேண்டும். பன்னிரண்டு வருடம் மாமா என்று கூப்பிட்ட வாயால் "கொஞ்சம் நகருங்க" என்று மட்டும் சொன்னேன். என் அக்காவின் புருஷன் நகரவில்லை. குனிந்து பார்த்தேன். திரையில் சிவப்பு முக்கோணம். பூம் சிலிண்டர் பிரஷர் சென்சார், சிக்னல் வோல்டேஜ் குறைவு. அந்த ஒரு வாரத்தில் மட்டும் பதினான்கு தடவை வந்திருந்தது. வரும்போதெல்லாம் மண்வாரி எந்திரம் இழுவை குறைந்து, தூக்கிய கல்லோடு பாதியில் திணறி நின்றிருக்கிறது.

அதற்குச் சற்று முன்புதான் குவாரி மேனேஜர், ரிப்பேர் பார்க்க வந்த என்னைத் தன் தகர அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"அவன்தான் ஒயரைப் புடுங்கி விடறான். ஞாயித்துக்கெழமை வரமாட்டேன்னு சண்டை போட்டான், அதுலேருந்து தெனமும் மிஷின் மக்கர். வேணும்னே அறுத்ததுன்னு எழுதிக் குடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். இனிமே எங்கயும் அவன் லீவரைத் தொடக் கூடாது."

ஆபரேட்டர் எனக்கு என்ன உறவு என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் அக்கா கிழிந்த உதட்டோடும் ஒரே ஒரு பையோடும் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நர்ஸ் படிப்புப் படித்தவள். அவளுடைய சர்டிபிகேட்டெல்லாம் புருஷனுடைய பீரோவில் இருக்கின்றன. அசல் இல்லாமல் இரண்டு ஆஸ்பத்திரி வேலை கைநழுவிப் போயிற்று. மூன்று முறை கேட்கப் போனேன். மூன்றாவது முறை என் முகத்தில் அறைகிற மாதிரி கதவை அடித்துச் சாத்தினார்.

சென்சாருக்கு மூன்று ஒயர். ஒன்று ஐந்து வோல்ட்டைக் கொண்டு வரும், இன்னொன்று எர்த், மூன்றாவதுதான் பேசும். திரையில் சென்சார் பெயரில் எரர் கோடு வந்தால் சென்சாரைக் கழற்றி எறிகிறவர்கள்தான் அதிகம். நானும் சந்தேகத்துக்குப் புதிதாக ஒன்றை மாட்டிப் பார்த்தேன். கோடு திரும்ப வந்தது. கனெக்டர் சுத்தமாக இருந்தது. ஐந்து வோல்ட் சரியாக வந்தது. பூம், அதாவது எந்திரத்தின் தூக்கும் கை, தரையில் இருக்கும்போது மூன்றாவது ஒயரும் ஒழுங்காகவே பேசியது. அப்படியானால் தூக்கும்போதுதான் எங்கேயோ அதன் வாய் அடைபடுகிறது. அதைப் பிடிக்க, பூமின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில் மீட்டரோடு நான் நிற்க வேண்டும். அவர் தூக்க வேண்டும். அன்றைக்கு வேறு ஆபரேட்டர் இல்லை.

"மெதுவா தூக்கணும். கை காட்டினா நிறுத்தணும்" என்றேன்.

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"நான் பூம்கிட்டயே நிக்கப் போறேன்."

"தெரியுது. நல்லா கண்ணுல படற மாதிரி நில்லு மச்சான். அப்புறம் நான்தான் உன்னை நசுக்கிட்டேன்னு உங்கக்கா ஊர் பூரா சொல்லுவா."

என்ஜின் உறுமியது. காலுக்கடியில் இரும்பு நடுங்கியது. ஒரு சுண்டு விரல் அதிகமாக அசைந்தால் போதும், என் தோள் பூமுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் கூழாகிவிடும். மீட்டரை மூன்றாவது ஒயரில் வைத்தேன். ஆனால் பூம் ஒரு குலுக்கல் இல்லாமல், தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல எழுந்தது. அந்தக் கைக்கு இவ்வளவு நிதானம் உண்டு என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருபது டன் இரும்பிடம் காட்டத் தெரிந்த பொறுமையை வீட்டுக்குள் நுழையும்போது எங்கே கழற்றி வைத்தார்?

இரண்டு வோல்ட். இரண்டு புள்ளி ஒன்று. சட்டென்று பூஜ்யம்.

கையைத் தூக்கினேன். பூம் அந்த இடத்திலேயே நின்றது. அவர் லாக் போட்டு என்ஜினை அணைத்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒயர் கட்டு ஒரு பிராக்கெட்டின் விளிம்பில் அழுந்தியிருந்தது. கறுப்பு உறை தேய்ந்து, உள்ளே அரிசி அளவுக்குச் செம்பு மின்னியது. அறுத்ததல்ல, உரசித் தேய்ந்தது. ஒயர் கட்டை விளிம்பில் படாமல் தள்ளிப் பிடிக்க அங்கே ஒரு கிளாம்ப் இருக்க வேண்டும். போல்ட் ஓட்டையில் கல்தூசி கெட்டியாக அடைத்திருந்தது. மாதக்கணக்காக அங்கே கிளாம்ப் இல்லை.

கடைசியாக அதைக் கழற்றியது யார் என்று எனக்குத் தெரியும். நான்கு மாதம் முன்பு அந்த ஒயர் கட்டை மாற்றினேன். மழை பிடித்துக்கொண்டது. அவசர அவசரமாக மூடிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினேன்.

அவர் இறங்கி வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இங்க கை வெச்சது நீ."

"ஆமா."

"அந்தாள் என்ன எழுதச் சொன்னான்?"

நான் டார்ச்சை அணைத்தேன்.

"எழுது. உனக்கும் அதானே வேணும்."

கட்டர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவர் தண்ணீர் குடிக்கப் போன இரண்டு நிமிடத்தில் அந்த ஒயரை நேராக ஒரு வெட்டு வெட்டிப் படம் எடுத்துவிடலாம். கட்டரைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். நல்ல மனதால்தான் விட்டேன் என்று சொல்ல மாட்டேன். செய்ததற்கு அவர் படவேண்டும். செய்யாததற்குப் பட்டால், பாவம் அந்த மனுஷன் என்று ஊர் பேசும். அக்காவின் உதட்டைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒயரை ஒட்டி, உறை போட்டு, கிளாம்பை முடுக்கினேன். பத்து முறை தூக்கி இறக்கிப் பார்த்தோம். கோடு வரவில்லை. சர்வீஸ் தாளில், கிளாம்ப் இல்லாததால் ஒயர் உரசல், கிளாம்பைப் போடத் தவறியது நான், என்று எழுதினேன்.

மேனேஜர் படித்துவிட்டு என்னைக் கால் முதல் தலைவரை பார்த்தார். "உன்னை யாரு யோக்கியனா இருக்கச் சொன்னா? ஒரு வாரம் வேலை கெட்டது உன்னாலயா? இனிமே இந்த கேட்டுக்குள்ள கால் வெக்காத."

மாதத்தில் பாதி நாள் எனக்கு அந்தக் குவாரியில்தான் வேலை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தேன். அக்கா புருஷன் கேபின் ஏணியில் கால் வைத்திருந்தார்.

"அக்காவோட சர்டிபிகேட் வேணும்."

"இதுக்குக் கூலியா?"

"கூலி இல்ல. அது அவளோடது."

"அவளே வந்து கேக்கட்டும்."

"வருவா. போலீஸோட வருவா."

அவர் பக்கத்தில் காறித் துப்பினார். "ஒரு வாரமா உன் தப்புக்கு நான் நாய் மாதிரி திட்டு வாங்கியிருக்கேன்டா. தாள்ல எழுதிட்டே, சரி. என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொன்னியா, தப்புப் பண்ணிட்டேன்னு?"

உண்மைதான். நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது.

"அக்காகிட்ட நீங்க சொன்னீங்களா?"

கேபின் கதவு அறைந்து சாத்தப்பட்டது. என்ஜின் உறுமியது. பக்கெட் குவியலுக்குள் இறங்கி, வாய் நிறையக் கல்லை அள்ளி எழுந்து, லாரியின் பக்கம் திரும்பியது. பாதி வழியில், ஒரு குலுக்கல் இல்லாமல், என் வேனுக்கு நேர் மேலே வந்து நின்றது. நான் கதவில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தேன். கேபின் கண்ணாடி முழுக்க வெயில் அடித்தது, உள்ளே முகம் தெரியவில்லை. பக்கெட்டின் பல்லிடுக்கிலிருந்து கல்தூசி சன்னமாக, நிற்காமல், வேன் கூரையிலும் என் தலையிலும் உதிர்ந்துகொண்டிருந்தது.