பறக்கிற நேரம் மட்டும்

காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அம்மா தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னாள். நர்ஸிடம் சொல்லி முகத்தைத் துடைத்து, முடியையும் வாரிக்கொண்டாள். சீப்பு படும்போதெல்லாம் வலியில் உதட்டைக் கடித்தாளே தவிர, கண் கதவை விட்டு நகரவில்லை. எட்டு மணிக்குச் சின்னவன் வந்துவிடுவான். சொன்னது பெரியவன். விமான டிக்கெட் விற்பதில் இருபத்திரண்டு வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவன் சொன்னால் தப்பாகுமா?

அந்தப் பெரியவன் கட்டில் ஓரமாக நின்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தான்.

அவன் கடையில் ஒரு தொழில் தர்மம் உண்டு. அதர்மம் என்றாலும் சரிதான். "அங்க போக எவ்வளவு நேரமாகும்?" என்று யார் கேட்டாலும் பறக்கிற நேரத்தை மட்டும்தான் சொல்வார்கள். நடுவில் விமானம் மாறுவதற்காக எங்கோ தேவுடு காக்கும் நேரத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. விட்டால் வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். ஏறி உட்கார்ந்த பிறகு யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? நேற்று நம்ம ஊர் நேரம் மாலை ஆறு மணிக்குத் தம்பி உலகத்தின் அந்தக் கோடியில் கிளம்பியதும், "எவ்வளவு நேரம்டா?" என்று அம்மா கேட்டாள். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம் என்று பழக்கதோஷத்தில் நாக்கு ஒப்பித்துவிட்டது. நடுவே ஒன்பது மணி நேரக் காத்திருப்பு இருந்தது. அந்த டிக்கெட்டைப் போட்டதே அவன்தான்.

அம்மா பதினாலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஊசி போட்டால் வலி போகும், கூடவே நினைவும் போகும், மறுபடி விழிப்பது நிச்சயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். "பதினாலு மணி நேரந்தானே, பல்லக் கடிச்சுக்கறேன். அவன் முகத்தப் பாத்துட்டுப் போட்டுக்கறேன்" என்றாள். வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. விடிந்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான். அவள் முனகிய ஒவ்வொரு மணி நேரமும் அவன் கொடுத்தது.

போன் அடித்தது. தம்பி. வராந்தாவுக்கு ஓடினான்.

"அண்ணே, ஏழு மணி நேரமா இங்கயேதான் உக்காந்திருக்கேன். அடுத்த ஃபிளைட்டுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்கடா" என்றான்.

உள்ளே வந்தான். எட்டு தாண்டியிருந்தது.

"அம்மா, அவன் இன்னும் பாதி வழியிலதான் இருக்கான். நான் காத்திருக்கிற நேரத்தச் சேக்காம சொல்லிட்டேன்."

"இன்னும் எத்தனை மணி நேரம்?"

"ஒன்பது. ஏர்போர்ட்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு வர்ற வழி, ரோட்டு நெரிசல் எல்லாம் சேத்தா பத்து, பத்தரை." இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக முழுக் கணக்கையும் சொன்னான்.

அம்மா அவனையே பார்த்தாள். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"கடைக்கு வர்றவங்களுக்கும் இப்படித்தான் சொல்லுவியாடா?"

ஊசி மருந்தோடு நர்ஸ் அருகில் வந்தாள். "போட்டுரலாமாம்மா?"

அம்மா வேண்டாமென்று தலையசைத்து, கட்டிலின் பக்கக் கம்பியை எட்டிப் பிடித்தாள். அவன் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தான். விரல்கள் பிடியை விடவில்லை. கம்பியோடு சேர்ந்து கட்டில் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.